வேங்கைக்கு நான் போட்ட உறுமி

முதலில் புகை வந்தது. கறுப்புத் திரைக்கு அடியிலிருந்து, பால் பொங்கி அடுப்பில் வழிகிற மாதிரி, சத்தமில்லாமல் வந்தது. நீல விளக்கு அதன்மேல் விழுந்ததும் மண்டபத்தின் தரை காணாமல் போய்விட்டது. முன்வரிசைக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மேலே தகரக் கூரையில் மழை. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். கிள்ளானில் வாரநாட்களில் பூப்பந்து ஆடுகிற மண்டபம் அது.

நான் ஒலி மிக்சருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வலது கை ஆட்காட்டி விரல், சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர்மேல் இருந்தது. அந்த விரலை மேலே தள்ளினால் ஓர் உறுமி உறுமும். ஒரு மனிதன் திரையை விலக்கிக்கொண்டு வருவான். அவன் வரும்போது சனங்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் அவன் பிழைத்தான். நிற்காவிட்டால் அவனுடைய மல்யுத்தம் அன்றோடு சரி.

விரலைத் தள்ளினேன்.

நாலாம் வகுப்பும் நாலு லோரியும்

அதற்குமுன், இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தத் தொடரைப் புரட்டுகிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி இரண்டு தடவை கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு வரை போனவன் நான். அதற்குமேல் பள்ளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கோயில் திருவிழாக்களில் தென்னைமரம் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதில் ஆரம்பித்தேன். இன்றைக்குப் பிரிக்பீல்ட்ஸில் கடை, பின்னால் கிடங்கு, வாசலில் நாலு லோரி. படித்த இஞ்சினியர்கள் மீட்டரை நீட்டி அரைமணி நேரம் அளப்பதை நான் ஒரு கைதட்டலில் சொல்லிவிடுவேன். காலி மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. அது சுவரில் முட்டித் திரும்பி வரும் அழகிலேயே, எந்தப் பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் தொழில் என்ன என்று கேட்டால் ஸ்பீக்கர் வாடகை என்று மற்றவர்கள் சொல்வார்கள். வருகிறவர்களுக்கு வழி திறந்துவிடுவதுதான் என் தொழில் என்று நான் சொல்வேன். மணப்பெண் வருவாள், சாமி ரதம் வரும், சட்டமன்ற உறுப்பினர் யாராவது ஒரு ஒய்.பி. வருவார். அவர்கள் வருவதற்குமுன் ஒரு சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் என்னுடையது.

ஒரு தடவை ஒரு கல்யாணத்தில், விளக்கை அணைத்துவிட்டு மணப்பெண்ணுக்காகக் காத்திருந்தோம். கதவு திறந்தது. நான் பாட்டைப் போட்டேன். வந்தது தாமதமாக வந்த ஒய்.பி. இரண்டு பக்கமும் நின்றிருந்த சின்னப் பெண்கள் அவர்மேல் ரோஜா இதழைத் தூவிவிட்டார்கள். மனிதர் கொஞ்சமும் கூசவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கே நடந்து, மணமேடை வரை போய்த்தான் திரும்பினார். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

பாட்டு யாருக்கு ஒலிக்கிறதோ அவர்தான் வருகிறவர். இதை அன்றைக்குத்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

விழுவதற்குக் கைதட்டுகிறார்கள்

ரெஸ்லிங் எனக்குப் புதிதில்லை. கடை ஆரம்பித்த காலத்தில் ஒரு பழைய டிவியை மேசைமேல் வைத்திருந்தேன். சாயங்காலமானால் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வாசலில் குந்திவிடுவார்கள். நான் உள்ளே ஒயர் சுற்றிக்கொண்டிருப்பேன், திரையைப் பார்க்க மாட்டேன். ஆனால் கித்தாரின் முதல் தட்டு கேட்டதுமே யார் வருகிறான் என்று சொல்லிவிடுவேன். ஒருவனுக்கு மணி. ஒருவனுக்குக் கண்ணாடி உடைகிற சத்தம். முகம் தெரிவதற்கு முன்னாலேயே ஆள் வந்துவிடுவான். வெளியே குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள், ஏதோ அவன் எங்கள் தெருவுக்கே வந்துவிட்ட மாதிரி.

நம் ஊரிலும் ரெஸ்லிங் நடக்கிறது என்று எனக்குக் கெவின் சொல்லித்தான் தெரியும். கெவின் சீனர், நாற்பது வயதுக்காரர், வாரநாட்களில் காப்புறுதி விற்பவர். அவர்தான் இந்தச் சின்னக் குழுவை நடத்துகிறார். ஒலி என்னுடையது.

அந்தக் குழுவில் இருந்த ஒரே தமிழன் தினேஷ். வயது முப்பத்தைந்து, துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ரிங்குக்குள் அவன் பெயர் ‘கிள்ளான் வேங்கை’. அவன் மனைவி மஞ்சள் துணியில் கறுப்புக் கோடு வைத்து ஒரு கால்சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். நல்ல உடம்பு, நல்ல மனசு. ஆனால் அவனுடைய நுழைவு இசை இணையத்தில் சும்மா கிடைத்த கித்தார் சத்தம். அதே மாதிரி இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. அவன் வரும்போது சனங்கள் போனை எடுப்பார்கள், இல்லாவிட்டால் மைலோ வாங்கப் போவார்கள்.

மைலோ விற்பவர் சரசு அக்கா. மண்டபத்தின் பின்பக்கம் அவருடைய தண்ணீர்க் கடை. ஐம்பது தாண்டியவர், வாயில் அரம் இருக்கும்.

“தம்பி, நீ வரதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு லா. ஐஸ் கூட வாங்கி வைக்கணும். நீ வரப்பதான் எனக்கு கூட்டமே” என்பார்.

தினேஷ் சிரித்துவிட்டுப் போவான். கழுத்துப் பக்கம் சிவந்திருக்கும்.

கடைசியில் கெவினும் சொல்லிவிட்டார். “ப்ரோ, ஆறு வருஷமாச்சு. உன் பேர போஸ்டர்ல போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. அடுத்த ஷோல நீ வரப்போ ஆளுங்க எழுந்து நிக்கணும். இல்லன்னா ஸாரி.” மலாயில்தான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. காப்புறுதி விற்கிறவருக்குக் கோபம் வராது.

அதற்கப்புறம் ஒருநாள் தினேஷ் என் கடைக்கு வந்தான். வேலைச் சட்டையோடு, பாதுகாப்புத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“அங்கிள், எனக்கு ஒரு மியூசிக் வேணும்.”

“எந்த மாதிரிடா?”

“தெரியல அங்கிள். நான் வரேன்னு தெரியணும். அவ்ளோதான்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ கவலைப்படாம போ.”

அவன் போகவில்லை. தொப்பியின் வாரை இழுத்துக்கொண்டே நின்றான். “போர்ட்ல நான் ஹார்ன் அடிச்சா எல்லாரும் ஒதுங்குறாங்க. ரிங்ல நான் வந்தா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறாங்க. ஆறு வருஷமா விழுந்து விழுந்து எழுந்திரிக்கிறேன் அங்கிள். விழுறதுக்குக் கைதட்டுறாங்க. வர்றதுக்கு யாரும் தட்டல.”

அன்று மத்தியானம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பூக்கடையில் தண்ணீர் தெளித்த ஈரவாசம் வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கினேனோ என்னவோ, எங்கேயோ தூரத்தில் ஓர் உறுமி அடிக்கிற மாதிரி இருந்தது.

செருப்பைக் கழற்றச் சொன்னான் குணா

உறுமி என்றால் குணா. சுங்கை வேயில் இருக்கிறான், வாரநாட்களில் தொழிற்சாலை வேலை, மற்ற நாட்களில் உறுமி மேளக் குழுவுக்குத் தலைவன். என்னைவிட இருபது வயது சின்னவன், ஆனால் அவன் உறுமித் தோலில் கை வைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். நான் வாயை மூடுகிற இடங்கள் குறைவு.

என் கிடங்குக்கு வந்தான். உறுமியை உறையிலிருந்து எடுப்பதற்குமுன் எங்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னான். கற்பூரம் ஏற்றினான். அவர்கள் குழுவில் அது வழக்கம்; பதிவுக்கு அடித்தாலும் சரி, பழகுவதற்கு அடித்தாலும் சரி. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் அந்தச் சின்னச் சுடர் ஆடியபோது, கிடங்கு கிடங்காக இல்லை.

ஓர் அடி அடித்தான். “இது கல்யாண ஊர்வலம்டா” என்றேன். இன்னொன்று அடித்தான். “இதுக்கு ஆடத்தான் தோணுது, நிக்கத் தோணல.” மூன்றாவதும் சரிப்படவில்லை.

“அந்த இன்னொன்ன அடி” என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. வளைந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டான். “அண்ணே, அது சாமிய கூப்பிடுறது.”

“எனக்குத் தெரியாதா? நீ பொறக்குறதுக்கு முன்னாடி இருந்தே அதுக்கு மைக் வச்சவன் நான். வேங்கைகூட சாமி ஏறி வர்ற வாகனம்தானடா.”

நான் பேசினால் யாரையும் மசிய வைத்துவிடுவேன். குச்சியை மறுபடி கையில் எடுத்தான். அப்புறம் சொன்னான்: “அடிக்கிறேன். ஆனா கூப்பிட்டா அனுப்பியும் வைக்கணும். ரெண்டையும் சேத்துதான் அடிப்பேன். அத பிரிக்காதீங்கண்ணே.”

“பிரிக்க மாட்டேன்.”

அடித்தான். முதலில் தோலைக் குச்சியால் தேய்க்கிற உறுமல் மட்டும், ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. பிறகு அடி. பிறகு அடிக்கு மேல் அடி. என் கையில் மயிர் நின்றது. கடைசியில் சாமியை மலையேற்றி அனுப்புகிற அடி. அலை பின்வாங்குகிற மாதிரி, மெதுவாக, மெதுவாக, ஒன்றுமில்லாமல் போகும் வரைக்கும். ஆறு நிமிடம்.

கெவின் ஒருவர் நுழைவதற்கு ஒரு நிமிடம்தான் கொடுப்பார். நான் மண்டபத்துக்குப் போய் நடந்தே பார்த்தேன். திரையிலிருந்து ரிங் வரை இருபத்திரண்டு அடி. ஒரு நிமிடமே அதிகம்.

பாட்டை வெட்டுவது எனக்குப் புதிதா? கூப்பிடுகிற அடியில் நல்ல இடமாக ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டேன். அனுப்புகிற அடியை விட்டுவிட்டேன். குணாவிடம் சொல்லவில்லை.

இருபத்திரண்டு அடி

இப்போது மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை. புகை, நீல விளக்கு, தகரத்தில் மழை. விரலைத் தள்ளிவிட்டேன்.

உறுமல் தரையோடு தரையாகப் போனது. முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் அதை வாங்கிக்கொண்டன. ரிங்குக்குள் ஃபைசால் ஏற்கெனவே நின்றிருந்தான். அம்பாங்கில் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற சாதுவான பையன், ஆனால் ரிங்குக்குள் அவன்தான் வில்லன். கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேலி செய்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

தினேஷ் திரையை விலக்கினான். கையில் மைக். ரிங்குக்குள் ஏறியதும் அவன் சவால் விட வேண்டும் என்று மைக்கோடு வரச் சொன்னது நான்தான். அவன் ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான். எல்லாத் தலையும் திரும்பியது. போன்கள் கீழே இறங்கின.

ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

பத்து அடி வந்துவிட்டான். அவன் கண் வரிசை வரிசையாகத் தேடுவதை நான் பார்த்தேன். அப்போதுதான் பின்பக்கம் ஓர் எவர்சில்வர் குவளை விழுந்தது.

சரசு அக்கா கடையைவிட்டு வந்துகொண்டிருந்தார். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது. புகைக்குள் கால் தெரியவில்லை. மிதந்து வந்த மாதிரிதான் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கொண்டை அவிழ்ந்து, முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. பால் டின் திறக்கிற கருவி இன்னும் கையில் இருந்தது. தோளிலிருந்து ஒரு நடுக்கம் இறங்கி, உறுமியின் அடியோடு அடியாகச் சேர்ந்துகொண்டது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை என் ஸ்பீக்கர் எதுவும் எடுத்துக் கொடுக்காது.

நாற்காலிகள் உரசின. எனக்கு அது கடல் பின்னால் இழுக்கிற சத்தமாகக் கேட்டது.

அதற்குள் ஒரு நிமிடம் முடிந்தது. பாட்டு, நான் வெட்டிய இடத்தில், கத்தியால் நறுக்கின மாதிரி நின்றது. மழை மட்டும். சரசு அக்கா நிற்கவில்லை. அடி இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தார்.

கெவின் ஓடி வந்தார். “அங்கிள், இது நீங்க வச்ச ஆளா?”

“இல்ல.”

“அப்ப யாரு?”

“சாமி.”

சீனர்கள் கோயிலிலும் சாமி வரும். கெவின் புகை யந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கச் சொல்லிச் சைகை செய்தார்.

அனுப்புகிற அடியின் பதிவு பிரிக்பீல்ட்ஸ் கடையில் இருந்தது. குணா ஏதோ கல்யாணத்தில் இருந்தான். மிக்சர் பெட்டியின் மூடிக்குள் எப்போதும் ஒரு பொட்டலம் திருநீறு வைத்திருப்பேன், வேலை ஆரம்பிக்கும் முன் கருவிகளுக்கு வைப்பதற்காக. அதை எடுத்துக்கொண்டேன். சரசு அக்காவின் கடையிலிருந்தே ஒரு எலுமிச்சம்பழமும் கத்தியும் எடுத்துக்கொண்டேன். புகைக்குள் இறங்கி நடந்தேன். எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியவில்லை. அந்த மண்டபத்தில் அவ்வளவு தூரம் கிடையாது.

தினேஷ் சரசு அக்காவின் முன்னால் மண்டியிட்டிருந்தான். மைக்கை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அந்தச் சானலை மூட எனக்கும் தோன்றவில்லை. அதனால் அவர்கள் பேசியது கூரை வரைக்கும் கேட்டது.

“எதுக்குடா கூப்பிட்ட?”

அது சரசு அக்காவின் குரல் இல்லை.

“கேக்குறேன்ல? கூப்பிட்டது யாருடா?”

நான் மூன்று அடி தள்ளி நின்றிருந்தேன். நாற்பது வருஷமாக எதைக் கேட்டாலும் நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிற வாய் இது. அன்றைக்குத் திறக்கவில்லை. எலுமிச்சம்பழம் கையில் வழுக்கியது. கூப்பிட்டவன் நான், வாக்குக் கொடுத்துவிட்டு வெட்டியவனும் நான் என்று இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் குணாவுக்கே தெரியப்போகிறது.

“நான்தான்மா கூப்பிட்டேன்” என்றான் தினேஷ்.

“என்ன வேணும்? கேளு.”

அவன் என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். சொந்த வீடு கேட்டிருக்கலாம். முதுகுவலி போகக் கேட்டிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். அவன் நெற்றியில் பூசியிருந்த கறுப்புக் கோடு வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

“நான் வர்றப்ப எல்லாரும் எழுந்து நிக்கணும்மா.”

மண்டபம் முழுக்க அவன் குரல் போய்த் திரும்பியது.

சரசு அக்காவின் ஆட்டம் மெதுவானது. தலையை நிமிர்த்தினார். இடப்பக்கம் பார்த்தார், பின்வரிசை வரைக்கும். வலப்பக்கம் பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு குனிந்து, பால் டின் கருவி இல்லாத கையால் அவன் முகவாயைப் பிடித்துத் தூக்கினார்.

“நிக்கிறாங்களேடா. கண்ண தொறந்து பாரு.”

அவன் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. நம்மவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். சீனப் பையன்கள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மலாய்க் குடும்பம், அப்பா தோளில் குழந்தையோடு நின்றது. பக்திக்கு நின்றவர்கள் உண்டு, பயத்துக்கு நின்றவர்கள் உண்டு, முன்னால் இருப்பவர் மறைக்கிறார் என்று நின்றவர்களும் உண்டு. எதற்காக இருந்தால் என்ன? அவன் வந்த வழியைப் பார்த்து நின்றார்கள்.

எலுமிச்சம்பழத்தை வெட்டி இரண்டு பக்கமும் போட்டேன். திருநீற்றை அக்காவின் நெற்றியில் வைத்தேன். சரசு அக்கா ஒரு பெருமூச்சு விட்டு என் தோள்மேல் சாய்ந்தார், ரொம்ப லேசாக இருந்தார். யாரோ நாற்காலி கொடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

“ஏன் எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க? ஆட்டம் முடிஞ்சிருச்சா?” என்றார். “ஐயோ, பால் டின்ன தொறந்து போட்டுட்டு வந்துட்டேனே.” கொண்டையை முடிந்துகொண்டே கடைக்குப் போய்விட்டார்.

கெவின் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்: “அங்கிள், மியூசிக்?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மிக்சரில் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன்.

ரிங்குக்கு இன்னும் பன்னிரண்டு அடி இருந்தது. தினேஷ் எழுந்தான். மைக்கை அறிவிப்பாளர் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். யாரும் உட்காரவில்லை. புகை கலைந்து தரை திரும்பி வந்துகொண்டிருந்தது; அவன் பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, நனைந்த கூரைக்குக் கீழே, தூக்கத்தில் கேட்கிற காலடி மாதிரி. அன்றைய ஆட்டத்தில் அவன் தோற்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். தோற்கத்தான் போனான்.

ஃபைசால் ரிங்கின் ஓரத்துக்கு வந்தான். வில்லன் யாருக்கும் வழி விடுவதில்லை; அது அவர்கள் தொழிலில் கிடையாது. ஆனால் அவன் குனிந்து, கீழ்க்கயிற்றைக் காலால் மிதித்து, நடுக்கயிற்றைத் தோளால் தூக்கிப் பிடித்தான். தினேஷ் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உள்ளே போகும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றான்.